விராலைப் பிடிக்கச் சொன்ன நாள்

எங்கள் வீட்டு அடுப்பில் மீன் சட்டி ஏறியது கிடையாது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து மலையாளத்து ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மல்லி, மிளகாய் வற்றல் வியாபாரம் செய்த சைவக் குடும்பம். மீன் என்றால் கோயில் குளத்தில் பொரி போட்டதும் வாயைத் திறந்துகொண்டு வருவது, பெருமாள் எடுத்த முதல் அவதாரம், இவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீன் தின்கிற வீட்டுக்காரன் யாரும் நான் செய்த காரியத்தைச் செய்திருக்க மாட்டான்.

முதல் யுத்தம் முடிந்திருந்த சமயம். என் மனைவிக்கு இரண்டு கர்ப்பம் தங்காமல் போய், மூன்றாவது நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் மீனூட்டு நேர்ந்துகொண்டாள். குளத்து மீன்களுக்குச் சோறு போடுகிற அந்த வழிபாடு இந்த ஊரில் உண்டு. இங்கே ஒரு மண்டலம் என்றால் நாற்பத்தொரு நாள், எங்கள் பக்கத்தில் நாற்பத்தெட்டு. "எதுலயும் குறை வந்துரப்பிடாது" என்று நாற்பத்தெட்டையே எடுத்துக்கொண்டாள். அதிக தூரம் நடக்க வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்ததால், வீட்டுக்குப் பின்னால் வெட்டுக்கல் படி கட்டிய சிறு குளத்திலேயே தினமும் உச்சிவேளையில் சாமியை நினைத்து ஒரு கைப்பிடிச் சோறு போடுவாள். வெள்ளி வெள்ளியாய்க் கெண்டைகள் படிக்கே வந்து தின்னும்.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாள் ஆகியிருக்கும். ஆம்பல் இலைகளுக்கு நடுவே தண்ணீரில் ஒரு சிவப்பு தெரிந்தது. குங்குமச் சிமிழ் கவிழ்ந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தால், அது அசைகிறது. அத்தனையும் மீன்குஞ்சு. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணி நீளம். நூற்றுக்கணக்கில் திரண்டு, ஒன்றாக மேலே வந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, ஒன்றாகவே இறங்கும். அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுகிற மாதிரி தண்ணீர் சிலிர்க்கும்.

"அத்தான், இதுக தங்கிட்டுன்னா எனக்கும் தங்கிரும். என் மனசு சொல்லுது" என்றாள்.

பத்மநாபா, இந்தக் குஞ்சுகளைக் காப்பாற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாறு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்து இலையில் உட்காரும் நேரம், குளத்திலிருந்து அவள் கூப்பாடு கேட்டது. ஓடினேன். குஞ்சுகளுக்கு நேர் கீழேயிருந்து முழங்கை நீளத்தில் கரியதாக ஒன்று எழுந்து வந்தது. பாம்புத் தலை. மேலே வந்து வாயைத் திறந்து, லபக்கென்று மூடிக்கொண்டு இறங்கிற்று. குஞ்சுகள் சிதறின.

"திங்குது அத்தான்! பிள்ளையளத் திங்குது! பாத்துக்கிட்டு நிக்கேளே!"

பக்கத்தில் கிடந்த கம்பை எடுத்துத் தண்ணீரை அடித்தேன். அது ஓடவில்லை. கம்பின் மேலேயே பாய்ந்தது. என்ன திமிர் என்று நினைத்தேனே தவிர, ஏன் என்று நினைக்கவில்லை.

அடுத்த தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்த மலையாளத்துக்காரரைக் கூப்பிட்டேன். மீன் பிடிப்பதிலும் கெட்டிக்காரர். அடியில்லாத மூங்கில் கூடை ஒன்றைக் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சிக்கு வராலு எந்தினா? கறி வெக்கான் தொடங்கியோ?" என்று சிரித்தார். நாங்கள் விரால் என்பதை இங்கே வரால் என்பார்கள், எதற்கு என்பதை எந்தினா.

"சிவ சிவா! உயிரோட பிடிச்சு ஆத்துல கொண்டு விட்டுரும். கொல்லப்பிடாது."

"ஆத்திலோ? ஓ, சரி சரி."

அந்தச் 'சரி'யை நான் கவனித்திருக்க வேண்டும். அவர் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்று, சட்டென்று கூடையைக் கவிழ்த்து, மேல்வாய் வழியாகக் கையை விட்டு அதை எடுத்துவிட்டார். ஒரு மண்குடத்தில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். நான் புண்ணியம் செய்த நிறைவோடு சாப்பிட உட்கார்ந்தேன்.

ரசத்துக்கு வரவில்லை, மறுபடி அவள் கூப்பிட்டாள். இந்தத் தடவை சத்தமில்லாமல். போய்ப் பார்த்தால், இத்தனை நாள் அவள் சோறு போட்ட அதே கெண்டைகள் சிவப்புத் திரளுக்குள் புகுந்து புகுந்து தின்றுகொண்டிருந்தன. மேலேயிருந்து ஒரு மீன்கொத்தி விழுந்து எழுந்தது.

"அது திங்கல, அத்தான். கீழ காவல் கெடந்திருக்கு. குஞ்சுக மூச்சு வாங்கதுக்கு வரதுபோலத்தான் அதும் மேல வந்திருக்கு. நாம காவலைப் பிடிச்சுக் குடுத்துட்டோம்."

ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

எச்சில் கையோடு ஓடினேன். கிள்ளியாற்றங்கரையில் அந்த மனிதர் வீட்டுக்குப் போனால், ஆற்றில் விட்டதாகத் தெரியவில்லை. குடம் அடுக்களை வாசலில் இருந்தது. அவர் மனைவி அம்மியில் வற்றலும் மல்லியும் அரைத்துக்கொண்டிருந்தாள். வாசனையிலேயே தெரிந்தது, எங்கள் கடைச் சரக்குதான்.

"நிறுத்தும் ஓய்! அதைத் திரும்பக் குளத்துல விடணும். அதுக்குப் பிள்ளை இருக்கு!"

"அது தெரியுமல்லோ. சுவந்த குஞ்சில்லே? வராலு குஞ்சைக் காக்கும்."

"தெரிஞ்சுமா பிடிச்சீரு? ஏன் சொல்லல?"

"அண்ணாச்சியல்லே பிடிக்கான் பறஞ்ஞது! சைவக்காரர்க்கு ஏதெங்கிலும் நேர்ச்சை ஆயிரிக்கும்னு ஞான் நினைச்சு."

"அரச்ச மசாலை ஞான் எந்து செய்யும்?" என்று அந்த அம்மாள் குழவியைப் பிடித்தபடியே கேட்டாள்.

"கத்தரிக்காயைப் போடுங்கம்மா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது.

குடத்தில் உள்ளங்கைத் தண்ணீர்தான் இருந்தது. செத்திருக்குமோ என்று பதறினேன். "வராலு அங்ஙனெ சாகூல" என்றார் அவர். மேலே வந்து காற்றைக் குடிக்கிற மீனாம். கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் கிடக்குமாம், மழையில் நனைந்த தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்கே போகுமாம். குடத்தை நானே தோளில் தூக்கிக்கொண்டேன். சைவக் கடைக்காரர் மீன் சுமந்துபோனதை ஆரியசாலையே பார்த்தது.

நான் வரும்வரை அவள் முறத்தை வீசி மீன்கொத்தியை விரட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். குடத்தைச் சாய்த்தேன். கரிய உடம்பு அடியில் இறங்கி மறைந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. அன்று நான் கடைக்குத் திரும்பவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்னால் ஆம்பல் இலை ஓரத்தில் தண்ணீர் சிலிர்த்தது. சிவப்பு மறுபடி கூடியிருந்தது. முன்னிருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதற்குக் கீழே அந்த நிழல்.

"போதும் சாமி" என்றாள் அவள். மறுநாளிலிருந்து எதிர்ப்படியில் நின்று சோறு போட்டாள், கெண்டைகள் அந்தப் பக்கமே கிடக்கட்டும் என்று.

மண்டலம் முடிவதற்குள் குஞ்சுகள் சிவப்பு மாறிக் கறுத்துக் குளமெங்கும் பிரிந்துவிட்டன. பிறகு ஒருநாள் அந்த மலையாளத்துக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். வளர்ந்துவிட்டால் காத்த மீனே குஞ்சைப் பிடித்துத் தின்னவும் கூடுமாம். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. காவல் கிடப்பது அதிகமும் ஆண் மீன்தானாம். அதை ஓடிப்போய்ச் சொன்னேன்.

மார்கழி மாதம் ஒரு காலையில் அவளுக்கு வலி எடுத்தது. பெண்கள் எவ்வளவு விரட்டியும் நான் அந்த அறை வாசலை விட்டு நகரவில்லை. வெந்நீர் கொண்டுபோகிறவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். உச்சிவேளைக்கு அழுகுரல் கேட்டது. பின்னாலேயே அவள் குரல், ஈனமாக, ஆனால் கேலியோடு:

"வாசல்ல ஒரு விரால் கெடக்கும். எழும்பி வரச் சொல்லுங்கோ. மகளைப் பாக்கட்டும்."