ஈரச் சேலைகள்

2004-இல் குன்னத்தில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். காற்றிலுள்ள நீராவியை, மாடியில் குடை போல் கவிந்து நின்ற ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்து அளப்பது என் ஆராய்ச்சி. செயற்கைக்கோள் சிக்னல் காற்றைக் கடந்து வரும்போது சற்றுத் தாமதமாகும். காற்றழுத்தத்தால் ஆகும் பங்கைக் கழித்துவிட்டால் மீதித் தாமதம் நீராவியால் ஆனது. பேச ஆள் தேவைப்படாத வேலை.

கீழே வீட்டுக்கார அக்கா தனியாக இருந்தார். கணவர் துபாயில். காலையில் துணி காயப்போட மேலே வருவார்.

"ஏம்மா, ஒன் குடை என்னா சொல்லுது? மழ வருமா?"

"ஈரம் ஏறியிருக்குக்கா. மழ வருமான்னு தெரியாது."

"ஈரம் இருக்குன்னு எஞ்சேலையே சொல்லுதே!"

அதற்குப் பிறகு அன்று முழுக்க நான் யாரிடமும் வாய் திறக்க வேண்டியிருக்காது.

வாரம் ஒருமுறை பெரம்பலூர் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கணக்குகளை அனுப்புவேன். ஐப்பசியில் ஒருநாள் அங்கிருந்து போன் செய்தபோது பேராசிரியர் சொன்னார்: "காலையில மட்டும் கிழக்குப் பக்க சிக்னல் கலங்குது. பக்கத்துல என்ன இருக்குன்னு பாரு."

திரும்பி வந்து பார்த்தேன். கிழக்கே கொடி நிறைய ஈரச் சேலைகள்; சிக்னலைக் கலக்கியது அந்த ஈரம்தான்.

மறுநாள் அக்காவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்னம்மா, கொல்லையில போட்டுக்கிறேன்" என்று கொடியை அவிழ்த்துக்கொண்டு இறங்கியவர், அப்புறம் மேலே வரவே இல்லை. கணக்கு சுத்தமானது. பேராசிரியர் பாராட்டினார். எனக்கு நாள்கள் நீண்டுகொண்டே போயின. காரணமில்லாமல் ஒரு வீட்டுக்குள் போய் உட்கார எனக்குத் தெரியாது.

மார்கழியில் ஒரு காலை, நீராவித் தாமதம் கிடுகிடுவென ஏறியது. வாசலில் அக்கா மக்காச்சோளம் காயவைத்திருந்தார். ஓடிப்போய்ச் சொன்னேன். இருவரும் மூச்சிரைக்க மூட்டை கட்டினோம். ஒரு சொட்டு மழை விழவில்லை. பளீரென்று வெயில் அடித்தது.

வெட்கத்தில் நின்றேன். அக்கா சிரித்தார்.

"வுடும்மா, மறுபடி கொட்டிக்கலாம். கொல்லையில மொதல்லேருந்தே கொடி கெடக்கு. ஒங்கிட்ட ரெண்டு வார்த்த பேசத்தான் அம்புட்டுப் படி ஏறுனேன். நான் வந்தா ஒனக்கு எடைஞ்சல்னு நெனச்சிட்டேன்."

அவர் உள்ளே போய் டீ வைத்தார். முதல்முறையாக அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன்.

தையில் வேலை முடிந்து கிளம்பும் வரை தினமும் போனேன். மொத்தம் இருபது நாள் இருக்கும்.