நல்ல பதில் சொல்லிக் கொடுத்து மகனை அம்பாறைக்குக் கூட்டிப் போனேன்

போன பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கல்முனையிலிருந்து அம்பாறைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, மூத்த மகன் றிஸ்வானை டொக்டரிடம் காட்ட. சண்டைக் காலத்தில் ஊர்காவல் படையில் இருந்தவன். கண்ணிவெடி தூக்கி எறிந்தது. கைகால் முழுசாக வந்தானே என்று கந்தூரிச் சோறு கொடுத்தோம். அடிபட்டது மூளை என்பது பிறகுதான் விளங்கியது. காலை இழந்தவனுக்கு ஊர் எழும்பி இடம் கொடுக்கும். இவனைப் 'பேயன்' என்றது. இது வெடியில் பட்ட காயம் என்று டொக்டர் எழுதிய ஒரு கடிதம் வேண்டும். அதற்காகத்தான் போனோம்.

காலை 7.40 பஸ். காரைதீவு, சம்மாந்துறை வழியாக முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒரு மணி பத்து நிமிடம், ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். வெயில் படாமலிருக்க வலப்பக்கம் உட்காருங்கள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து வெந்தேன்.

மகனுக்குச் சவரம் செய்து, புதுச் சட்டை போட்டுவிட்டிருந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன காக்கா, பொண்ணு பாக்கவா போறீங்க?"

எனக்குப் பெருமை. "மகன், டொக்டர் கேட்டாத் தெளிவாச் சொல்லணும். மானத்த வாங்கிராத."

"ஓம் வாப்பா."

அம்பாறை ஆஸ்பத்திரியில் 11.20க்குக் கூப்பிட்டார்கள். டொக்டர் சிங்களப் பெண். சாரன் துணி விற்கப் போய்க் கற்ற என் சிங்களம் விலை பேசத்தான் காணும். அதை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

இரவு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மகன் என்னைப் பார்த்தான். நான் வாயசைத்தேன். "புட்டு" என்றான். எத்தனை பிள்ளைகள்? மேசைக்குக் கீழே மூன்று விரல் காட்டினேன். "மூணு." விருந்தாளி வந்தால் வீட்டில் எல்லோரும் இப்படித்தான் அவனைக் காப்பாற்றுவோம். நல்ல ஞாபகசக்தி என்று டொக்டர் எழுதத் தொடங்கினார். எட்டாம் வகுப்பில் கோட்டை விட்ட பாஸ் அன்றுதான் கிடைத்தது போல எனக்குச் சந்தோஷம்.

பேனா ஓட ஓடத்தான் உறைத்தது. காயமே இல்லை என்றல்லவா எழுத வைக்கிறேன்!

நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். பள்ளிவாசலிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதைச் சொன்னேன். பெருநாள் வெடிச்சத்தத்தில் மிரண்டு தன் மனைவியைத் தள்ளியதை, அவள் கை முறிந்ததைச் சொன்னேன். அதை மகனுக்கும் தமிழில் சொல்லுங்கள் என்றார் டொக்டர். சொன்னேன்.

"அவட கைய ஒடச்சது நானா வாப்பா?"

"ஓம் மகன்."

"வழுக்கி விழுந்தாளெண்டுதானே சொன்னீங்க?"

அவன் அழுது தீர்த்தான். பிறகு டொக்டர் முதலில் எழுதியதை வெட்டிவிட்டு, வெடியில் மூளைக்குக் காயம் பட்டதற்கான அறிகுறிகள் இருக்கின்றன என்று எழுதினார். தலை ஸ்கேனுக்கும் மனநல வைத்தியருக்கும் கடிதம் தந்தார். ஸ்கேன் இன்னும் எடுக்கவில்லை.

இப்படி யாரையாவது கூட்டிப் போகிறவர்களுக்கு: பழைய ஆஸ்பத்திரி அட்டைகளை விடாதீர்கள். வீட்டில் நடப்பதை நாள் போட்டு எழுதிக்கொண்டு போங்கள். மொழிபெயர்க்க வெளியாளைப் பிடியுங்கள். பதில் வராமல் நோயாளி திணறினால் திணறட்டும், டொக்டர் பார்க்க வேண்டியது அதைத்தான். என்னைப் போன்ற வாப்பாமார் வெளியே தேத்தண்ணீர் குடிக்கலாம்.

2.15 பஸ்ஸில் திரும்பினோம். வழியெல்லாம் கடிதத்தை அவனே வைத்திருந்தான். வீட்டு வாசலில் அதைத் தன் மனைவியிடம் நீட்டினான்.

"தலையில காயமாம் புள்ள," என்றான். கொஞ்சம் நின்று கேட்டான்: "உனக்கு எந்தக் கை?"