தம்பிக்கு எடுத்துக் கொடுத்த கயிறு

வெண்டல் ஹாகன் கடையில் தூண்டில் கயிறு வாங்குவது டாக்டரிடம் காட்டுவது மாதிரி. எந்த வளைவில் இறங்கப் போகிறாய், தண்ணீர் என்ன நிறம், கையை விட்டால் எவ்வளவு நேரத்தில் மரத்துப் போகிறது, கோல் எத்தனை அடி, எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவார். ஆறு தெளிந்து ஓடும் செப்டம்பரில் மிதக்கும் கயிறு. ஸ்டீல்ஹெட் மீன் மேலே வந்து, பூச்சி மாதிரி இறகு கட்டிய கொக்கியைக் கவ்வும். ஜனவரி மழையில் ஆறு பச்சையாகப் பெருகினால் முனை கனத்த, மூழ்கும் கயிறு. குளிரில் அந்த மீன் அடியிலேயே படுத்துக் கிடக்கும். கொக்கி அதன் மூக்கை உரசிக்கொண்டு போனால்தான் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்கையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

நான் மரலாரி ஓட்டுகிறவன். காலையில் மலை ஏறுவதற்கு முன் அவர் கடையில் ஒரு காபி. தார் மாதிரி இருக்கும், இருந்தாலும் குடிப்பேன். வெண்டலுக்குக் கல்யாணம் இல்லை, வேறு பேச்சுத்துணையும் இல்லை. அவருக்கென்று இருந்தது ஒரே உயிர், தம்பி மகள் இங்க்ரிட். தம்பி ராய்ஸ் ஆற்றோடு போனபோது அவளுக்கு ஆறு வயது. அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டால் இந்தக் கடைதான். கோல் பிடிக்க, கயிறு வீச, மீன் கயிற்றை இழுத்தால் கத்துமே அந்த ரீலைச் சுற்ற, எல்லாம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். "வீசினதும் இழுக்காதடி. நாப்பது வரைக்கும் மெதுவா எண்ணு. கயிறு தானா வளைஞ்சு கரைக்கு வரும்" என்பார். அவளும் உதடு அசைய எண்ணுவாள்.

ராய்ஸ் போன கதை ஊருக்கே தெரியும். தம்பி வழுக்கினான், அண்ணன் உடனே குதித்தான், பிடி கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த ஷெரிபிடம் வெண்டல் சொன்னது அதுதான். நாங்களும் நம்பினோம். சவ அடக்கத்தன்று அவர் தோளைத் தட்டிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, இங்க்ரிட் தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். இருபத்துநாலு வயது, பெரிய வாய்.

"என்ன லைல் மாமா, இன்னும் இந்தக் காபி குடிச்சு சாகலியா நீங்க?"

"உங்க பெரியப்பன் சாகுற வரைக்கும் நானும் சாக மாட்டேன், போ."

சிரித்துவிட்டு வெண்டலிடம் போனாள். "பெரியப்பா, சனிக்கிழமை அப்பா போன மடுவுல எறங்கப் போறேன். நீங்களும் வரணும். மாட்டேன்னு சொன்னீங்கன்னா, நான் தனியா போவேன்."

அவர் அலமாரியிலிருந்து இரண்டு சுருள் எடுத்து வைத்தார். "தண்ணி பச்சையா, ஐஸ் மாதிரி கெடக்கு. கனத்த முனைதான். ரெண்டு பேருக்கும்."

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. இரண்டு பேர் ஒரே மடுவில் இறங்கினால், ஒரு வீச்சு, கயிறு கரைக்கு வந்ததும் ஆறு ஓடும் பக்கமாகக் கீழே இரண்டு எட்டு, மறுபடி வீச்சு. லேசான கயிறு முன்னால், கனத்த கயிறு பின்னால். கனத்தது முதலில் போனால் மீன் மிரளும். முன்னால் போகிறவனுக்கு இன்னும் யாரும் தொடாத தண்ணீர். அதற்காகக் கூடப்பிறந்தவர்களே முறைத்துக்கொள்வார்கள்.

இங்க்ரிட் கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள். "எனக்கு மிதக்குற கயிறே குடுங்க. நான் முன்னாடி போய்க்கிறேன். கனத்தத நீங்க வெச்சுக்கிட்டுப் பின்னாடி வாங்க."

வெண்டல் முகம் செத்துப்போனது. "உங்கப்பன்கிட்ட நானும் இதே வேலையத்தான் காட்டுனேன்" என்றார்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அன்னைக்கும் தண்ணி இப்படித்தான். மிதக்குற கயிறு உதவாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் மாட்டுனேன். முன்னாடி போகணும், அவ்வளவுதான். முதல் தண்ணியில ஒண்ணாவது மேல வராதான்னு நப்பாசை. அந்த வருஷம் அவன் நாலு புடிச்சிருந்தான், நான் ஒண்ணுகூட இல்ல. கனத்தத அவன் கையில நான்தான் குடுத்தேன்."

"சரி பெரியப்பா, அதுக்கென்ன..."

"கேளு. பின்னாடி ரீல் கத்துச்சு. மீன் மாட்டிருச்சுன்னு நெனச்சேன். நான் சும்மா தாண்டி வந்த தண்ணியில, நான் எடுத்துக் குடுத்த கயிறுல. வயிறு எரிஞ்சுது. நான் திரும்பல."

அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"கயிறு முனை பாறையில சிக்கியிருக்கு. எடுக்கப் போயி ஆழத்துல கால் விட்டிருக்கான். அவன ஆறு இழுத்துக்கிட்டுப் போகப் போக கயிறு ரீல விட்டு ஓடியிருக்கு. அந்தச் சத்தம்தான் அது. என்னத் தாண்டித்தான கீழ போகணும்? கோல நீட்டியிருந்தா புடிச்சிருப்பான். நான் பாத்தது அவன் தொப்பியத்தான்."

"உடனே குதிச்சேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அம்மாகிட்ட?"

"அதையேதான்."

இங்க்ரிட் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ரீல் கத்தினதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?"

"இன்னொரு தடவ வீசினேன்."

"முழுசாவா? கயிறு கரைக்கு வர்ற வரைக்குமா?"

அவர் தலையாட்டினார்.

அவள் அவரைப் பார்த்தபடியே எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் சொல்லிக்கொடுத்த அதே நிதானம். பத்தில் நான் கோப்பையைக் கீழே வைத்தேன். இருபதில் "போதும்மா" என்றேன். அவள் காதில் விழவில்லை. முப்பதைத் தாண்டியபோது வெண்டல் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு நீண்ட நேரத்தை என் ஆயுளில் நான் பார்த்ததில்லை. அதற்குள் ஒரு மனிதனை எத்தனை தடவை வேண்டுமானாலும் காப்பாற்றியிருக்கலாம்.

நாற்பது என்று சொன்னாள். கயிற்றை எடுக்காமல் போனாள்.