ரெஜிலாவின் பிளாப்பியில் நோய் இல்லை

சரோஜம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எங்கள் சர்ச் சபையின் கம்ப்யூட்டருக்கு ரெஜிலாதான் நோயைக் கொண்டுவந்து வைத்தாள், வைத்துவிட்டு ஓடிப்போனாள் என்று குழாயடியிலும் மீன்காரியின் கூடையைச் சுற்றியும் அவள் பேசிக்கொண்டு திரிகிறாள். சரோஜம் அந்தக் கம்ப்யூட்டரை எப்போது கண்டாள்? அறுப்புப் பண்டிகையன்று மாலை போட்டு மேசைமேல் வைத்திருந்தபோது தூரத்தில் நின்று கண்டிருப்பாள். நான் பக்கத்தில் இருந்து கண்டவள். ரெஜிலா என் வீட்டோடு ஒட்டிய சாய்ப்பறையில் குடியிருந்தவள். அவள் எப்போது தூங்குவாள், எதற்குக் கோபப்படுவாள், எப்படி வேலை செய்வாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். எனவே நான் சொல்வதையும் கேளுங்கள்.

அவள் நல்ல குணவதி என்று நான் சொல்ல வரவில்லை. வாய் பெரிசு. தற்பெருமை அதைவிடப் பெரிசு. நெய்யாற்றின்கரையில் போய்க் கம்ப்யூட்டர் படித்து வந்த நாளிலிருந்து, "இந்தப் பாறசாலை முழுக்கத் தேடினாலும் இதுக்க உள்ள திறந்து பாத்த பொம்பள நான் ஒருத்தியாக்கும்" என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளிடமும் சொல்லுவாள். மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் தட்டில் வைத்துக்கொண்டு, வலது கையால் தின்றபடி இடது கையால் பட்டன்களைத் தட்டுவாள். மூக்கில் இறங்கும் கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளுவாள். மிஷினின் அடிவயிற்றில் புறங்கையை வைத்துப் பார்த்து, "சூடு உண்டு, காய்ச்சல் இல்ல" என்பாள். யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. என் கோழி மிதித்து அவள் வயர் அறுந்துபோனதற்குக் கோழியிடமே சண்டைக்குப் போனவள்.

ஆனால் வேலை என்று வந்தால் அவளுக்கு ஒரு முறை உண்டு. ஒரு சமயம் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. வயர்மேன் வந்து பார்த்துவிட்டு வீட்டையே புதிதாக வயரிங் செய்ய வேண்டும் என்றான். ரெஜிலா வந்தாள். வீட்டில் செருகியிருந்த எல்லாவற்றையும் பிடுங்கினாள். பிறகு ஒன்றைச் செருகுவாள், பார்ப்பாள். அடுத்ததைச் செருகுவாள், பார்ப்பாள். கடைசியில் என் மகன் கொண்டுவந்த இஸ்திரிப்பெட்டியில் வந்து நின்றது குற்றம். "ஒக்க நிப்பாட்டணும் பாட்டி. பொறவு ஒண்ணொண்ணா எழுப்பணும். எவன் எழும்பும்போ அடி விழுதோ அவனாக்கும் கள்ளன்." இதுதான் அவள் படித்த படிப்பு. இதற்கு மேல் அவளிடம் மந்திரம் ஒன்றும் இல்லை.

தொண்ணூற்றெட்டில் சபைக்கு அந்த மிஷின் வந்தது. மடியில் வைத்து மடக்குகிற ஜாதி, லேப்டாப் என்றார்கள். மஸ்கட்டில் இருக்கும் சத்தியதாஸ் முதற்பலன் காணிக்கையாக அனுப்பியிருந்தான். கம்ப்யூட்டருக்கும் நோய் வருமாம். எழுதியதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும் பிளாப்பி என்ற கறுத்த சதுரத் தகட்டில் ஏறி வருமாம். அதனால் வருகிற தகட்டையெல்லாம் சோதித்து உள்ளே விடும் ஒரு காவல்காரனையும் மிஷினுக்குள் வைத்தே அனுப்பியிருந்தான். ஆன்டிவைரஸ் என்று அதற்குப் பெயர்.

எலியாவின் வீட்டாருக்கு அது பொறுக்கவில்லை. சத்தியதாஸின் வீட்டார் ஒரு பெஞ்சு கொடுத்தால் எலியாவின் வீட்டார் இரண்டு கொடுப்பார்கள். இது எங்கள் சபையில் அப்பன் காலத்து வழக்கம். அறுப்புப் பண்டிகைக்கு அவர்கள் இன்னொரு காவல்காரனை, புத்தம் புதிய சிடியாக, தட்டில் வைத்துப் பட்டு மூடிக் கொண்டுவந்தார்கள். லேப்டாப் ஒன்று, காவல் இரண்டு என்று ஆல்டருக்கு முன்னால் வாசித்தார்கள். போதகர் மூன்றின் மேலும் கை வைத்து ஜெபித்தார். அதையும் மிஷினில் ஏற்றிய பிறகு திரையின் மூலையில் சத்தியதாஸின் மஞ்சள் பூட்டும் எலியாவின் பச்சைக் கேடயமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு வீட்டாரும் உள்ளே போய், பெஞ்சில் எழுதிய பெயரைத் தடவிப் பார்ப்பதுபோல, தங்கள் தங்கள் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

ரெஜிலா சபை ஆபீசில் டைப்பிங் பார்த்தாள். சபை மண்டபத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் திறக்கப் போவதாகவும் அதற்கு அவள்தான் டீச்சர் என்றும் செக்ரட்டரி சுந்தரதாஸ் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அந்த வேலையின் மேல்தான் உயிரை வைத்திருந்தாள். வீட்டில் டைப் செய்த பாட்டுகளை ஒரு பிளாப்பியில் கொண்டுபோய் லேப்டாப்பில் செருகினாள். திரை நீலமாகி மிஷின் செத்தது. மறுநாளும் அப்படியே. அதில் எழுதியிருந்ததை எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்த நீலத்தை நான் கண்டேன்.

கரண்டில் குறை என்றாள் முதலில். அவள் பேச்சைக் கேட்டு ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். ஒரு பிரயோசனமும் இல்லை. அது அவள் பிழைதான், நான் மறைக்க மாட்டேன். அங்கேதான் சனங்களின் வாய் திறந்தது. அவள் தகட்டைப் போட்டால்தானே சாகிறது, அப்படியானால் நோய் அவள் தகட்டில்தானே என்றார்கள். வேறு யார் அதில் தகடு போட்டார்கள்? ஒருவரும் இல்லை. அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அவள் மிஷினை என் வீட்டுக்குக் கொண்டுவந்து பாயில் வைத்து உட்கார்ந்தாள். அதற்கும் எல்லாவற்றையும் நிறுத்தி, மூச்சு மட்டும் விடுகிற மாதிரி எழுப்ப ஒரு வழி இருக்கிறதாம். அப்படி எழுப்பித் தகட்டைச் செருகினாள், ஒன்றும் ஆகவில்லை. பூட்டை மட்டும் எழுப்பினாள், ஒன்றும் ஆகவில்லை. கேடயத்தை மட்டும் எழுப்பினாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டையும் எழுப்பினாள். நீலம். ரெஜிலா பாயில் மல்லாந்து விழுந்து சிரித்தாள்.

"ரெண்டு காவல்காரனும் ஒரே வாசல்ல நிக்கியானுவ பாட்டி. தகடு உள்ள வந்த உடனே ரெண்டுபேரும் பிடிச்சு இழுக்கியானுவ. இவனும் விடமாட்டான், அவனும் விடமாட்டான். அந்த இழுப்புல வீடு இடிஞ்சு விழுது. கள்ளனே வரல்ல."

கிளாஸ் திறப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் கமிட்டி கூடியது. பெண் ஒருத்தி தனியாகப் போக வேண்டாம் என்று நானும் கூடப் போய் வாசல் பக்கம் இருந்தேன். அவள் தன் தகட்டை எடுக்கவே இல்லை. கடையிலிருந்து வந்து பிரிக்காமல் இருந்த சபையின் பிளாப்பிப் பெட்டியை அவர்களையே பிரிக்கச் சொல்லி, புதுத் தகட்டைச் செருகினாள். நீலமானது. திரும்ப எழுப்பிக் கேடயத்தை எடுத்தாள், அதே தகட்டைச் செருகினாள். ஓடியது. கேடயத்தை வைத்துப் பூட்டை எடுத்தாள். அப்போதும் ஓடியது. பத்து ஆண்கள் கண்ணால் கண்டார்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

"நீ சொல்லுதது சரிதான் மக்கா" என்றார் சுந்தரதாஸ். "ஆனா ரெண்டையும் வச்சு ஜெபிச்சாச்சு. ஒண்ணை எடுத்துக் களைஞ்சா, யாருக்க காணிக்கைய களைஞ்சீருன்னு கேப்பினும். நாளைக்கு ரெண்டு வீட்டுக்காரும் வருவினும்."

"அப்பம் சீட்டுப் போட்டு எடுங்க சாரே. எனக்கு ரெண்டு காவல்காரனும் மாமனும் இல்ல, மச்சானும் இல்ல."

கமிட்டிக்காரர்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். பிறகு செக்ரட்டரி மிகவும் மெதுவாக, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவரைப் போலச் சொன்னார். இரண்டும் அப்படியே இருக்கட்டும். நாளை ஆராதனை முடிந்ததும் அவள் சபைக்கு முன்னால் எழுந்து, குறை என் பிளாப்பியில்தான், இப்போது சரியாக்கிவிட்டேன் என்று ஒரு வாக்குச் சொன்னால் போதும். கிளாஸ் வேலை அவளுக்குத்தான்.

"கிளாஸுல ஒருத்தன் தகடு போடும்போ திரும்பவும் நீலமாவும். அப்பமும் நான் எழும்பி நிக்கணுமா சாரே?"

"அதை அப்பம் பாக்கலாம்."

ரெஜிலா குனிந்து உட்கார்ந்து, எடுத்த பூட்டைத் திரும்ப வைத்தாள். பூட்டும் கேடயமும் மூலையில் நிற்பதைத் திரையைத் திருப்பி அவர்களுக்குக் காட்டினாள். அவர்கள் தலையாட்டினார்கள். பிறகு மிஷினை மடக்காமல், ஓடிக்கொண்டிருந்தபடியே இரண்டு கையாலும் தூக்கினாள். ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையை நீட்டுவதுபோல சுந்தரதாஸின் முன்னால் நீட்டினாள். வாங்காமல் என்ன செய்வார்? வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கை எடுத்தால் காணிக்கை கீழே விழும். எழவும் முடியாது.

அவள் கண்ணாடியை மணிக்கட்டால் தள்ளிவிட்டு என்னைத் தாண்டி வெளியே போனாள். "ரெஜிலா, இதை எங்கயாக்கும் அணைக்கிறது?" என்று உள்ளேயிருந்து செக்ரட்டரி கூப்பிட்டார். அவள் படியில் நின்று, ஒரு செருப்பின் வாரைப் போட்டாள், மற்றதன் வாரையும் போட்டாள், ரோட்டில் இறங்கி நெய்யாற்றின்கரை பஸ்ஸுக்குக் கை நீட்டினாள்.