ஒரே பேரில் இரண்டு வால்வு

கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஊர் கொடுத்திருக்கும் பட்டம், "சும்மா இருக்கிற புள்ள". நான் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறேன். சம்பளமும் ஒழுங்காக வருகிறது. ஆனால் பஸ் ஏறிப் போகாத வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ள இங்கே யாருக்கும் மனசு வருவதில்லை. ஆகவே பாஸ்வேர்டு மறந்தவர்கள், பிரிண்டரில் காகிதம் சிக்கியவர்கள், பேத்தியின் போட்டோவை போனுக்குள் தொலைத்தவர்கள் எல்லாரும் நான் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து வந்துவிடுவார்கள்.

அப்படி வருகிறவர்களில் தலையாயவர் எங்கள் பாசன சமிதியின் செயலாளர். உரக்கடை வைத்திருக்கிறார், உறவு முறையில் எனக்கு மாமா. குளத்துத் தண்ணீரைக் குழாய் வழியாகத் தோட்டங்களுக்குப் பங்கிட்டு விடுவது சமிதியின் வேலை. தோட்டத்துக்கு ஒரு வால்வு, வாரத்துக்கு ஒரு முறை. யாருக்கு எந்த நேரம் என்று தாளில் எழுதி ஒட்டுவார்கள், வால்வுக்காரர் அதைப் பார்த்துத் திறப்பார். பல வருஷமாக இதில் ஒரு குறையும் இல்லை. அதுவே மாமாவுக்குப் பெரிய குறையாகப் பட்டது. ஒரே மாதத்தில் புரோகிராமர் ஆகலாம் என்று போனில் யாரோ ஒரு வீடியோவில் சொல்லியிருக்கிறார். மாமாவும் ஆகி, முறைத் தாள் போட ஒரு புரோகிராமும் எழுதிவிட்டார்.

முதல் நாள் அவர் என் வீட்டுக்கு வந்த கோலத்தை மறக்க முடியாது. ஸ்கூட்டரின் பின்சீட்டில், மாட்டுக் கயிற்றால் வரிந்து கட்டிய கம்ப்யூட்டர் பெட்டி.

"எங்கூட்டுக் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதும்மிணி. சமிதி ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓட மாட்டீங்குது. அதான் பொட்டியவே கொண்டாந்துட்டேன்" என்றார்.

திறந்து பார்த்தேன். தகவல் இருக்கும் கோப்பைத் தன் வீட்டு டி டிரைவில், மகள் கல்யாண போட்டோ ஃபோல்டருக்குள் போய்த் தேடும்படி எழுதியிருந்தார். சமிதி ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு கல்யாணம் நடந்ததே தெரியாது. புரோகிராம் எங்கே இருக்கிறதோ அதன் பக்கத்திலேயே கோப்பைத் தேடச் சொல்லி ஒரு வரியை மாற்றிக் கொடுத்தேன். மாமா அதைத் தானே கண்டுபிடித்ததாகக் கடையில் சொல்லிக்கொண்டாராம். சொல்லட்டும்.

அடுத்த வாரம் வேறொரு வில்லங்கம். முறை வரிசையில் ஒன்றுக்கு அடுத்து பத்து, பதினொன்று என்று வந்து நின்றன. இரண்டு எங்கேயோ பின்னால் கிடந்தது. எண்களை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்தால் கம்ப்யூட்டர் அவற்றை அகராதியில் சொற்களை அடுக்குவது போலத்தான் அடுக்கும். புதிதாக எழுதுகிற எல்லாரும் விழுகிற குழி இது.

"ரண்டு பத்துக்கு முந்தீன்னு ஒண்ணாங்கிளாசுப் பையனுக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதா?" என்று மாமா கொதித்தார்.

"நீங்க சொன்னாத் தெரியுமுங்க மாமா. இது எழுத்தில்ல, நம்பருன்னு நீங்கதான் சொல்லோணும்."

கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் கொஞ்சம் இறங்கியது. என்னைப் பற்றியதும் இறங்கியிருக்கும்.

மூன்றாவது சிக்கல்தான் வினையைக் கூட்டி வந்தது. தண்ணீர் கேட்டு வருகிறவர்களின் பேரை அடித்து 'சேமி' என்ற பட்டனை அமுக்கினால், திரை வெளுத்துப் போய் அசையாமல் நின்றுவிடும். உள்ளே புரோகிராம் எல்லாருடைய கணக்கையும் ஆதியிலிருந்து போட்டுக்கொண்டிருந்தது. மாமா சும்மா இருப்பாரா? லிப்ட் பட்டனை அமுக்குவது போல மறுபடி மறுபடி அமுக்கினார். திரை விழித்துக்கொண்டபோது ஒரே ஆள் பேர் வரிசையாகப் பல தடவை ஏறியிருந்தது. அந்த வாரம் ஒருவரின் வாழைத் தோட்டத்துக்குப் பொழுது விடிந்ததிலிருந்து சாயும் வரை தண்ணீர் பாய்ந்தது. அவர் மறுப்பேதும் சொல்லவில்லை.

"கடையில நீங்களே குடோனுக்குள்ள மூட்டை தூக்கப் போயிட்டா, கல்லாவுல யாருங்க நிப்பாங்க? திரையப் பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு, கணக்குப் போடறதுக்கு ஒரு ஆளுன்னு பிரிச்சு எழுதோணுமுங்க மாமா. அதோட ஒருக்கா அமுக்குனதும் பட்டன் மறுக்கா அமுங்காம வெக்கோணும்" என்றேன்.

மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அது கஷ்டமான வேலை. வீடியோவில் அதைவிடச் சுலபமான வழி ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். ஒரே தகவல் இரண்டு முறை வந்தால் ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவிடு என்று ஒற்றை வரி. அதை எழுதிவிட்டு, என்னிடம் காட்டாமலேயே அந்த வாரத் தாளை அச்சடித்து, சமிதி முத்திரையும் குத்தி ஒட்டிவிட்டார்.

எது ஒரே தகவல்? பேர், இனிஷியல், வீட்டுப்பேர் மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் சங்கதி வேறு. கேரளத்தில் எந்த விண்ணப்பத்திலும் வீட்டுப்பேர் கேட்பார்கள். எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. எந்தக் காலத்திலோ ஓர் அதிகாரி, கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல், எங்கள் வீதி முழுவதற்கும் 'புத்தன்களம்' என்று எழுதிவிட்டுப் போனார். வீதியே ஒரே வீடு. அண்ணன் தம்பிகளுக்கு ஒரே எழுத்தில் பேர் வைப்பது வழக்கம், ஆகவே அவர்கள் மனைவிமாருக்கும் ஒரே இனிஷியல். மூத்த பெண்ணுக்கு அம்மன் பேர் வைத்தே ஆக வேண்டும், அம்மனும் ஒருத்திதான்.

எங்கள் வீதியில் அப்படி இரண்டு அத்தைகள். அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி. பேரும் இனிஷியலும் வீட்டுப்பேரும் ஒன்று. ஊரில் மேக்காட்டு அத்தை, கெழக்காட்டு அத்தை என்று தோட்டம் இருக்கும் திசையை வைத்துத்தான் சொல்லுவோம். நடு வரப்பில் நிற்கும் தென்னை யாருடையது என்ற தகராறில் இருவரும் முகம் பார்த்துப் பேசியே வருஷங்கள் ஆகின்றன. கல்யாண வீட்டில்கூட ஒருத்தி முதல் பந்தி என்றால் மற்றவள் இரண்டாம் பந்தி.

மேக்காட்டு அத்தை தனிக்கட்டை. கணவர் இறந்த பிறகு காட்டைத் தரிசாகப் போட்டிருந்தார். திருப்பூரில் இருக்கும் மகன் வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு வெள்ளாமையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று தக்காளி போட்டிருந்தார். செடி பூவும் பிஞ்சுமாக நின்ற நேரம்; வெயில் காய்ச்சியெடுத்தது. அந்த வாரத் தண்ணீர் தவறினால் பூவெல்லாம் கொட்டிவிடும். கொட்டினால் அத்தை திருப்பூர் பஸ் ஏற வேண்டியதுதான்.

அந்த வாரம்தான் அவர் வால்வு திறக்கவில்லை.

சமிதி ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறார். "உங்க பேரு கம்ப்யூட்டர்ல இருக்குது, தண்ணி உட்டாச்சு" என்று மாமா திரையைக் காட்டியிருக்கிறார். அத்தைக்கு விஷயம் பளிச்சென்று புரிந்துவிட்டது, அவருடைய கணக்குப்படி. நேராக வரப்புக்கு வந்து நின்று, ஓரகத்தி காட்டைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்.

"என்ற பேர அடிச்சுட்டயாடீ! தென்னைக்குத்தான் வந்தீன்னா, தண்ணிக்குமா வருவே? என்னையத் தொரத்தோணுமுன்னே நிக்கறயா?"

நான் ஓடினேன். மாமாவும் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அவருடைய புரோகிராமை என் லேப்டாப்பில் வரப்பிலேயே உட்கார்ந்து திறந்தேன். அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ரண்டு பேரையும் ஒரே ஆளுன்னு தள்ளியிருக்குதுங்க மாமா."

"பேரு ஒண்ணு, இனிஷியல் ஒண்ணு, ஊட்டுப்பேரும் ஒண்ணு. வேற வேற ஆளுன்னு அதுக்கு எப்புடிம்மிணி தெரியும்?"

"உங்களுக்குத் தெரியுமில்லீங்க? உங்க கடையிலதான ரண்டு பேரும் உரம் வாங்கறாங்க!"

மாமா ஸ்கூட்டர் சாவியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நிவர்த்தி ஒன்றும் பெரிதில்லை. ஒவ்வொரு வால்விலும் பெயின்டில் நம்பர் எழுதியிருக்கிறது. பேரை விட்டுவிட்டு அந்த நம்பரை ஆளின் அடையாளமாக வைத்தால் யாரும் யாருக்குள்ளும் கரைய மாட்டார்கள். மாற்றி எழுதி ஓட்டிக் காட்டினேன். திரையில் இரண்டு அத்தைகளும் தனித்தனியாக வந்து நின்றார்கள். ஆனால் திரையில் வந்தால் தக்காளி நனையுமா? முத்திரை குத்திய தாளில் ஒருத்திதான் இருந்தாள், அதுவும் கெழக்காட்டு அத்தையின் நேரத்தில். தாளை மாற்றக் கமிட்டி கூட வேண்டும் என்றார் மாமா. எங்கள் கமிட்டி கூடுவதற்குள் அடுத்த விதைப்புப் பட்டமே வந்துவிடும். வால்வுக்காரரோ, "தாள்ல இல்லாம நான் தொட மாட்டனுங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அப்போது கெழக்காட்டு அத்தையின் முறை ஓடிக்கொண்டிருந்தது. மடை மாற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டவர், மண்வெட்டியை வைத்துவிட்டு வரப்புக்கு வந்தார். ஓரகத்தியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தாள்ல என்ன பேரு போட்டிருக்குது, படி" என்றார் வால்வுக்காரரிடம்.

அவர் பேர், இனிஷியல், வீட்டுப்பேர் எல்லாம் படித்தார்.

"அது அவ பேருந்தான? என்றத மூடிப்போட்டு, மிச்ச நேரத்துக்கு அவளுத தெற."

வால்வுக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுக்க அதில் ஒன்றும் இல்லை. போய்த் திறந்தார். நான் அவரையே பார்ப்பதைக் கண்டு அத்தை கடுகடுத்தார்.

"என்னம்மிணி பாக்கறே? இவ செடி காஞ்சா என்ற கண்ணு பட்டுத்தான்னு ஊரு பூராச் சொல்லுவா. அந்தப் பேச்சு எனக்கெதுக்கு?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். குழாயில் காற்று சீறி, பிறகு தண்ணீர் வந்தது. செடிகளின் அடியில் மண் கறுத்துக்கொண்டே போனது. மாமா இதுதான் சமயம் என்று நழுவினார். மேக்காட்டு அத்தை வாய்க்கால் ஓரம் உட்கார்ந்து, கெழக்காட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து லேப்டாப்பைக் காட்டிக் கேட்டார்.

"ஏம்மிணி, இதுல எங்க ரண்டு பேரையும் பிரிச்சுட்டயா?"

"பிரிச்சுட்டனுங்க அத்தே. இனி ஒருக்காலும் ஒண்ணாகாது."

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எதுக்குச் சாமி அவ்வளவு அவசரம்?"