சத்தமில்லாமல் வந்த ஆஸ்டின்

அந்தக் காலத்தில் வலியசாலைப் பக்கம் சிவதாணுவைப் போல வண்டி ஓட்டத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. இரணியலில் பிறந்தவன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழு வயதில் அக்காள் முத்தாரம்மாளோடு திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் வேலப்பனின் ஒர்க்‌ஷாப்பில் மூன்று வருஷம் கிரீஸும் கையுமாக நின்றான். முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கினான். பிறகு மொத்த வியாபாரி திரவியத்தின் ஆஸ்டின் காரை ஆறு வருஷம் ஓட்டினான். அந்த ஆறு வருஷத்தில் மட்கார்டில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. காலையில் நான்கு டயரையும் கையால் தடவிப் பார்க்காமல் வண்டியை எடுக்கவே மாட்டான். முத்தாரம்மாள் கணவனை இழந்தவள். அவளும் மூன்று பெண்பிள்ளைகளும் அவனை நம்பித்தான் இருந்தார்கள்.

1948-இல் பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் தீர்ந்தால் வண்டி ஷெட்டில்தான் கிடக்க வேண்டும். அதனால் டிரைவர்களிடம் ஒரு பழக்கம் வந்தது. சரிவு வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். வண்டி தானாக உருளும். முதலாளிகளுக்கும் அதில் மகிழ்ச்சி. நாளடைவில் பழக்கம் பந்தயமாக மாறியது. சரிவு தொடங்கும் புளிமூட்டில் எஞ்சினை நிறுத்தினால் யார் வண்டி எதுவரை போகும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் வேலப்பன் ஒர்க்‌ஷாப்பில் பேச்சு. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலைத் தாண்டியவன் சிவதாணு ஒருவன்தான்.

அக்டோபர் பதினான்கு, வியாழக்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. தூறல் விட்டிருந்தது. வண்டியில் சிவதாணு மட்டும் இருந்தான். புளிமூட்டில் எஞ்சினை நிறுத்தினான். பாதிச் சரிவில் குடை பிடித்து ஓரமாக நடந்துபோன ஒரு பெண், திரும்பிப் பார்க்காமலே ரோட்டைக் கடக்க இறங்கினாள். அவன் ஹார்ன் அடித்தான், பிரேக்கை மிதித்தான், ஹாண்ட்பிரேக்கையும் இழுத்தான். மட்கார்ட் தட்டி அவள் விழுந்தாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்தது.

அவள் பெயர் லீலாபாய். டெலிபோன் ஆபீசில் லைன் சேர்த்துக் கொடுக்கிற வேலை. இருபத்தாறு வயது. அவள் சம்பளத்தில்தான் தாயார் ராஜபாயும் அவளும் இருந்தார்கள்.

போலீஸில் கேட்டவை இரண்டே கேள்விகள். ஹார்ன் அடித்தாயா? இடது பக்கம்தான் வந்தாயா? இரண்டுக்கும் அவன் ஆமாம் என்றான். இரண்டும் உண்மை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடுகிற வண்டியைப் பற்றி அப்படிக் கேட்க யாருக்குத் தோன்றும்?

வழக்கு நவம்பர் ஐந்தாம் தேதிக்கு வைக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் கூடினார்கள்.

"குறுக்கே சாடினா டிரைவர் என்னவே செய்வான்? வண்டியைத் தூக்கிட்டுப் பறக்கவா?" என்றான் டாக்சி ஓட்டும் தங்கப்பன்.

ஸ்ரீவராகத்திலிருந்து வரும் வெங்கடேஸ்வரன் ஆபீஸ் குமாஸ்தா. சொந்தமாகச் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லிவிடுவார். "நன்னாருக்கு ஓய் நியாயம்! நடக்கறவாளுக்குக் காலுதான் இருக்கு. உமக்கு நாலு சக்கரம் இருக்கு. யார் பார்த்து வரணும்?" என்றார்.

"சாமி வண்டி ஓட்டுகது நாக்குல மட்டும்தான். அதுக்கு லைசென்ஸ் வேண்டாம் பாத்துக்கிடும்," என்றான் வேலப்பன்.

திரவியம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "வக்கீல் ஒரு பாயிண்ட் பிடிச்சிருக்காரு. வண்டிச் சத்தமே கேக்கலேன்னு அவளே எழுதிக் குடுத்திருக்கா. அப்போ செவிடுல்லா? டெலிபோன் ஆபீசுல ஒரு செவிடு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிவதாணுவும் சிரித்துவிட்டான். வெங்கடேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த ஆஸ்டின் சத்தம் எனக்குக் கோட்டை வாசல்லயே கேக்கும். அவளுக்கு ஏன் கேக்கலே, சிவதாணு?" என்றார்.

அவன் கையிலிருந்த ஸ்பானரைத் துடைக்கத் தொடங்கினான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தான். லீலாபாய் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தாயார் அவளுக்குப் பின்னால், ஜன்னலோரம் தள்ளி நின்று, வாய்க்குள்ளேயே நம்பர்களை முனகினாள்.

"நாலு, ஏழு, ரெண்டு," என்றாள் லீலாபாய் திரும்பாமல்.

"சரி."

"இன்னும் மெதுவாச் சொல்லுங்கம்மா. இன்னும் தள்ளிப் போங்க."

ராஜபாய் அவனைப் பார்த்துவிட்டாள். "எதுக்கு வந்தீரு? உங்க வக்கீல் பேசின பேச்சு ஆபீஸ் வரைக்கும் போயாச்சு. வேலைக்கு வரண்டாம்னு கடுதாசி வந்திருக்கு. டாக்டர் காது நல்லாருக்குன்னு எழுதித் தந்தாரு. அதைக் கொண்டு குடுத்தா, நல்ல காதுக்கு ஒரு கார் வாறது எப்படிக் கேக்காமப் போகும்னு கேக்கானுவ. கேஸ் முடிஞ்சு வரச் சொல்லிட்டானுவ."

லீலாபாய் மெல்லத் திரும்பினாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

"டிரைவரே, நீராவது சொல்லும். வண்டி சத்தம் போட்டுட்டுத்தானே வந்துது? எனக்குத்தான் கேக்கல்ல, இல்லியா? எல்லாம் கேக்குது, அது மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு? எனக்குள்ள என்னமோ கெட்டுப் போயிருக்கு."

அவன் திரும்பி வேகமாக வெளியே நடந்தான். படியிறங்கி ரோட்டுக்கு வந்த பிறகுதான் கும்பிடக்கூட இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து அக்காளிடம் எல்லாவற்றையும் சொன்னான். முத்தாரம்மாள் அரிசி களைந்த கையோடு அப்படியே நின்றாள்.

"உள்ளதைச் சொன்னா என்ன செய்வாவ?"

"லைசென்ஸ் போகும். ஜெயிலும் உண்டும்னு நினைக்கேன்."

"அப்போ சொல்லாத மக்கா. மூத்தவளுக்கு வாற தையில கல்யாணம் பேசியிருக்கு. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"கேட்டதுக்கு மட்டும்தான் அக்கா இம்புட்டு நாளும் சொன்னேன்."

வியாழக்கிழமை திரவியத்திடம் போய்ச் சொன்னான். அவர் கத்தவில்லை. "உன்னைப் போல ஒரு டிரைவர் எனக்குக் கிடைக்க மாட்டான். ஆனா நாளைக்கு நீ வாயைத் திறந்தா, சாவியை இங்க கொண்டு வரண்டாம். வக்கீல்கிட்டயே குடுத்திரு," என்றார்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் வேலப்பனும் தங்கப்பனும் முன் பெஞ்சில் இருந்தார்கள். காலில் கட்டோடு லீலாபாய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். திரவியத்தின் வக்கீல் அவளைக் கேட்டார். ஹார்ன் கேட்டதா? பக்கத்தில் வந்த பிறகு கேட்டது. அதற்கு முன் வண்டிச் சத்தம்? இல்லை. ரோட்டில் வேறு சத்தம் இருந்ததா? இல்லை. அப்படியானால் உங்கள் காதில்தான் கோளாறு, இல்லையா?

"இருக்கும்," என்றாள்.

சிவதாணு கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பேசினான். "அவியளுக்குக் காதுல ஒரு கோளாறும் இல்லை எஜமானே. கேக்குறதுக்கு அங்க ஒண்ணும் இல்லை. நான் எஞ்சினை நிறுத்திட்டு வந்தேன்."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் சொல்லச் சொன்னார். அவன் புளிமூட்டிலிருந்து ஒவ்வொரு கஜமாகச் சொன்னான். நியூட்ரல், சாவி, சரிவு, எதையும் விடவில்லை. தங்கப்பன் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டான். வக்கீல் கையை நீட்டினார். சிவதாணு சாவியை மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

மூன்று மாதம் ஜெயில். லைசென்ஸ் ரத்து.

வராந்தாவில் லீலாபாய் தாயார் தோளில் சாய்ந்து குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். அவர்களைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. ராஜபாய் அவனை மறித்தாள். "இருபத்திரெண்டு நாள். என் பிள்ளை தனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நினைச்சா. இருபத்திரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்தீரே, நீரு மனுசனாவே?" என்றாள். போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்து நடத்தினார்.

கீழ்ப்படியில் முத்தாரம்மாள் மூன்று பிள்ளைகளோடு நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"வீட்டை ஒழிச்சுக் குடுத்திருவேன். இங்க இனி எங்களால இருக்க முடியாது," என்றாள். "நீ வெளிய வரும்போது வலியசாலைக்குப் போகாத. நேரே இரணியலுக்கு வந்திரு."