ராஜபாளையத்தில் வீடு தேடிய கோடை

நான் நான்காம் வகுப்பு முடித்த வருஷம், கோடை விடுமுறை முழுவதும் வீடு பார்ப்பதிலேயே போயிற்று. பள்ளி திறந்ததும் மற்ற பிள்ளைகள் மதுரைக்கும் பிளவக்கல் அணைக்கும் போய்வந்த கதையைச் சொன்னார்கள். எனக்குச் சொல்ல இருந்ததெல்லாம் ராஜபாளையத்துத் தெருக்கள்தான். எந்த வீட்டில் கிணற்றுக்கு மூடி இல்லை, எந்த மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை என்பதெல்லாம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. இதையெல்லாம் கதை என்று யாரிடம் சொல்வது?

அப்போது நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காம்பவுண்டுக்குள் குடியிருந்தோம். வரிசையாக ஐந்து வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. ஷிப்டுக்குத் தக்கபடி பஸ் ஏறிப் போய்வருவார். தம்பிக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் கடைசி வீட்டில் யாராவது தண்ணீர் ஊற்றினால் அது மட்டும் அவனுக்குக் கேட்டுவிடும். ஓடிப்போய், தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டு நிற்பான். விழுவது நின்றுவிட்டால் பக்கத்தில் இருக்கிற குடத்தைச் சாய்த்து மறுபடி விழவைப்பான்.

மதுரையில் ஒரு டாக்டர் அவனைப் பார்த்துவிட்டு, சில பிள்ளைகளுக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். ஆட்டிசம் என்ற சொல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர இன்னும் பல வருஷங்கள் இருந்தன. அதுவரைக்கும் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர்கள்தான் அவனுக்கு. அவற்றை எழுத இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

காம்பவுண்டுக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும். அந்த மாசிக்குப் பிறகு அது நான்கு நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. ஒரு நாள் விடிந்ததும் அம்மா அடுப்புப் பற்றவைக்கப் போன நேரத்தில், தம்பி மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்து, வரிசையாக நிறைத்து வைத்திருந்த ஏழு குடத்தையும் ஒவ்வொன்றாகச் சாய்த்துவிட்டான். அந்த வீட்டுக்காரி சண்டை போடவில்லை. நனைந்த தரையில் உட்கார்ந்து அழுதாள். சண்டை போட்டிருந்தால் அம்மா பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பாள். அழுதவளிடம் என்ன பேசுவது? எங்கள் வீட்டிலிருந்த நாலு குடத்தையும் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வந்தாள். அன்று நாங்கள் கடையில் சோடா வாங்கிக் குடித்தோம்.

இரண்டு நாள் கழித்து வீட்டு உரிமையாளர் அப்பாவை வாசலுக்குக் கூப்பிட்டார்.

"பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள வேற இடம் பாத்துக்கிடுங்க. உங்கள ஒண்ணும் சொல்லல. மத்தவங்க கேக்காங்கல்லா."

எப்படியும் ராஜபாளையத்துக்குப் போகவேண்டியதுதானே என்று அப்பா உள்ளே வந்து சொன்னார். தானே யோசித்து எடுத்த முடிவு போல அதைச் சொல்லப் பார்த்தார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் லீவு நாட்களில் வீடு பார்க்கத் தொடங்கினோம். முதலில் அப்பா ஒரு யோசனை சொன்னார். வீடு பேசி முடியும்வரைக்கும் தம்பியைக் கண்ணில் காட்ட வேண்டாம். என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போவோம். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் இரண்டு என்று உண்மையைச் சொல்லிவிடுவோம். அதற்கு மேல் அவர்கள் கேட்கவா போகிறார்கள்?

அப்படியே செய்தோம். எனக்குத் தலை பின்னி ரிப்பன் கட்டி, பள்ளிக்குப் போட்டுப்போகிற செருப்பையே மாட்டி அழைத்துப் போனார்கள். வீட்டுக்காரர்கள் எந்த ஊர், என்ன ஆட்கள், எத்தனை உருப்படி என்று விசாரித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். நான் அடக்கமாக நிற்பேன். எங்கள் குடும்பம் முழுவதும் என்னைப் போலத்தான் இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு பெருமையாகக்கூட எனக்கு இருந்தது.

நாலாவது வீடு அமைந்தது. முன்பணம் கொடுத்து, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சப் போனோம். அன்றைக்குத் தம்பியைக் கொண்டுபோகாமல் இருக்க முடியாதே. பக்கத்து மில்லில் சங்கு ஊதியதும் அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்த ஆரம்பித்தான். சங்கு நின்றது, அவன் கத்தல் நிற்கவில்லை. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணையும்வரை கத்தினான். வீட்டுக்காரர் மரியாதையானவர். மறுநாள் மில் வாசலுக்கே போய் அப்பாவிடம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு அம்மா சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இனிமே அவனத்தான் முதல்ல கூட்டிட்டுப் போவேன். பாத்துட்டு வேண்டாம்னா அப்பமே சொல்லிரட்டும்."

"அப்படிப் பாத்தா ஒருத்தனும் தர மாட்டான்," என்றார் அப்பா.

"தராட்டாப் போகட்டும். பால் காய்ச்சுன பொறவு வெளிய போகச் சொல்லுறதுக்கு இது தேவல."

அதற்குப் பிறகு அப்பா வரவில்லை. கால் வலி என்றார், ஓவர்டைம் என்றார். அம்மாவும் நானும் தம்பியும் மட்டும் போனோம். பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னல் சீட்டில்தான் அவன் உட்காருவான். அது காலியாக இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். சில நாள் மூன்று பஸ்ஸை விட்டிருக்கிறோம். மே மாதத்து வெயிலில், ஒரு கையில் அவனுடைய மணிக்கட்டையும் மறு கையில் தண்ணீர்ப் புட்டியையும் பிடித்துக்கொண்டு அம்மா நிற்பாள். யாராவது பையனுக்கு என்ன என்று கேட்டால் பதில் சொல்வாள். அதே பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாளோ, கடைசியில் அதில் குரல் ஏற்ற இறக்கமே இல்லாமல் போயிற்று.

அம்மா வீடு பார்த்த விதம் எனக்குப் பிடிபடவே இல்லை. உள்ளே போய் அறைகளை எண்ண மாட்டாள். வாசலில் நின்று தெருவின் இரண்டு முனையையும் பார்ப்பாள். கேட்டில் தாழ்ப்பாள் எங்கே இருக்கிறது, கிணறு எங்கே, நாய் இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, வேண்டுமென்றே மெதுவாகக் குடிப்பாள். அதற்குள் தம்பி தான் செய்ய வேண்டியதைச் செய்துவிடுவான். ஒரு வீட்டில் சுவிட்சை நாற்பது தடவை போட்டு அணைத்தான். இன்னொரு வீட்டில் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டான். வீட்டுக்காரர்களின் முகம் மாறும். அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சரி, வாரோம்" என்று கிளம்பிவிடுவாள்.

ஒன்பதாவதோ பத்தாவதோ பார்த்த வீடுதான் என்னை மயக்கியது. மொசைக் தரை. முற்றத்தில் ஊஞ்சல். நான் சேரப்போகிற பள்ளிக்கூடம் அதே தெருவில். அந்த வீட்டம்மா பட்டுப் போல மெல்லப் பேசினார். எனக்கும் தம்பிக்கும் கிரீம் பிஸ்கட் கொடுத்தார். தம்பி வழக்கம்போலக் குழாயைத் திறந்தான். அவர் கோபப்படவே இல்லை. அவன் தலையைத் தடவி, "பாவம், இந்த முகத்துக்கு இப்படி ஒரு குறையா" என்று கண் கலங்கினார். பிறகு அம்மாவைப் பின்பக்கம் அழைத்துப்போனார்.

"இந்த ரூமை வச்சுக்கிடுங்க. கம்பிக் கதவு போட்டது, காத்து நல்லா வரும். பையன் பாட்டுக்கு உள்ள இருந்துக்கிடட்டும். எங்க பிள்ளைககிட்டயும் இந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லி வச்சிருதேன். வாடகைகூட நீங்க முடிஞ்சதக் குடுங்க."

அம்மா அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிக் கும்பிட்டாள்.

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "தெரிஞ்சே தாரேன்னு சொல்லுதாங்க. இதுக்கு மேல நமக்கு என்ன வேணும்?"

"அந்த வீடு வேண்டாங்க."

"ஏன்?"

"வேண்டாம்."

நான் அன்று இரவு சாப்பிடவில்லை. ஊஞ்சலுக்காகத்தான் என்று அம்மாவுக்குத் தெரியும். வற்புறுத்தவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அவளுக்கு அதற்கு உடம்பில் தெம்பு இருந்திருக்காது.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு பெட்டிக்கடைக்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து ஒரு முட்டுச்சந்துக்குள் போனோம். சந்தின் கடைசியில் ஒட்டியபடி இரண்டு ஓட்டு வீடுகள். ஒன்று காலி. மற்றதில் வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கணவருக்கு மலையடிவாரத்தில் மாந்தோப்புக் குத்தகை. அவர் மனைவிதான் இருந்தார். நாற்பது வயது இருக்கும். முன்னறை முழுக்க வைக்கோல் பரப்பி மாங்காய்களைப் பழுக்கப் போட்டிருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அழுகியதை ஒரு பக்கம் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் நடக்க ஒரு அடி இடம்கூட இல்லை.

அம்மா வாய் திறப்பதற்குள் தம்பி உள்ளே போய்விட்டான். வைக்கோலுக்குள் கையை விட்டு மாங்காய்களை எடுத்து, வாசல்வரை ஒரே வரிசையாக அடுக்கத் தொடங்கினான். அந்தப் பெண் முதலில் தெலுங்கில் ஏதோ அதட்டினார். அவருடைய பையன்களில் ஒருவன் என்று நினைத்துவிட்டார் போல. நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். குரல் மட்டும் இறங்கவில்லை.

"ஏலே, காயில கைய வைக்காத. சூடு போச்சுன்னா பழுக்காதுல்லா. வையி அங்கன."

தம்பி கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவர் எழுந்து வந்து அவன் கையிலிருந்த காயைப் பிடுங்கினார். மூலையில் கிடந்த வெம்பல் காய்களைக் கூடையோடு இழுத்து அவன் முன்னால் வைத்தார்.

"அடுக்கணும்னா இத அடுக்கு."

தம்பி அடுக்கினான். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தார்.

"பேச மாட்டானோ?"

"பேச மாட்டான்க்கா."

"காது?"

"கேக்கும்."

"செரி. வீட்டப் பாக்கணுமா?"

அம்மா வீட்டைப் பார்க்கவில்லை. அங்கேயே நின்று, மனப்பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னாள். கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவான். சங்குச் சத்தத்துக்குக் கத்துவான். சில நாள் ராத்திரி தூங்க மாட்டான். குடத்தில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுவான். இப்போது இருக்கிற இடத்தில் அதனால்தான் காலிபண்ணச் சொல்லிவிட்டார்கள்.

அவர் மாங்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஓடுனா சந்து முனை வரைக்கும்தான ஓடுவான். அங்கன நம்ம கடைக்காரர் இருக்காரு, பிடிச்சு வைப்பாரு. கதவுக் கொண்டிய மேல ஏத்தி அடிச்சுக்கிடலாம். ஆனா தண்ணியக் கொட்டுனான்னா முதுகுல ரெண்டு வைப்பேன். இப்பமே சொல்லிட்டேன், பொறவு சண்டைக்கு வரக்கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பியை ஒருவன் பஸ்ஸில் சும்மா முறைத்ததற்கே அம்மா சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அவள் இந்தப் பெண்ணை என்ன கேட்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"வைங்கக்கா," என்றாள் அம்மா. "உங்க பிள்ளைகளுக்கு வைக்கிறதுக்கு மேல ஒண்ணும் வச்சிராதீங்க."

"அதெல்லாம் எல்லாத்துக்கும் ஒரே கைதான்."

அம்மா அங்கேயே பையைத் திறந்து முன்பணம் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் அப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மொசைக் வீட்டை வேண்டாம் என்ற அம்மா, தம்பியை அடிப்பேன் என்று சொல்கிற பொம்பளையின் வீட்டைப் பிடித்திருக்கிறாள் என்றேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். "வைங்கன்னா சொன்ன?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அம்மாவுக்குத் தம்பி அலுத்துவிட்டான், இனி அவனை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அந்தச் சந்தில் நாங்கள் பதினொரு வருஷம் இருந்தோம். ஓடு ஒழுகியது, மழைக்காலத்தில் பூரான் வந்தது. வீட்டுக்கார அம்மாவை நாங்கள் அத்தை என்று கூப்பிட ஆரம்பித்தோம். அவருடைய சின்னப் பையன் விளையாட ஆள் இல்லாதபோது தம்பியை இழுத்துக்கொண்டு போவான். ஆள் கிடைத்துவிட்டால் விட்டுவிடுவான். சொர்க்கம் ஒன்றும் இல்லை.

குடிபோன இரண்டாம் மாதம், ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பையனும் தம்பியும் சேர்ந்து அத்தையின் அண்டாவைக் கவிழ்த்துவிட்டார்கள். யோசனை யாருடையது என்று தெரியவில்லை. அத்தை ஓடி வந்து தன் மகன் முதுகில் ஒன்று வைத்தார், தம்பி முதுகில் ஒன்று வைத்தார். இரண்டு பேரும் அழுதார்கள். திட்டிக்கொண்டே இரண்டு பேருடைய நனைந்த டவுசரையும் கழற்றிக் கொடியில் போட்டார்.

நான் மூச்சிரைக்க வீட்டுக்குள் ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமா. அவுங்க பையனுக்கும் ஒண்ணு."

"எங்க இருக்கான் இப்ப?"

"அங்கதான். அத்தை முறுக்குக் குடுத்திருக்காங்க."

"செரி, போய் விளையாடு."

அவ்வளவுதான். போய்ப் பார்க்கக்கூட இல்லை. அடுப்பை அணைத்தாள். கூடத்தில் வெறும் தரையில், முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, சீராக மூச்சு வந்தது. பகலில் அம்மா தூங்கி அதுவரை நான் பார்த்ததில்லை. வெளியே தம்பியின் அழுகை நின்று, அண்டாவைப் புரட்டி வைக்கும் சத்தம் கேட்டது. அம்மா அசையவில்லை.

நான் வாசல்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்ற பிள்ளை அடி வாங்கியிருக்கிறான், இவளுக்கு எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.